பிரேக் ஆயில் குறைந்தால் உடனே ஊற்றலாமா?

கேள்வி: என் 150 சிசி பைக் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. குளச்சலிலிருந்து தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். முன் பிரேக் டப்பாவின் கண்ணாடியில் ஆயில் ‘லோயர்’ கோட்டுக்குக் கீழே தெரிகிறது. பேடு இதுவரை மாற்றவில்லை. நானே வாங்கி ஊற்றலாமா? விளிம்பு வரை நிரப்பிவிட்டால் அடிக்கடி பார்க்க வேண்டாம் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: நீங்களே ஊற்றலாம். ஆனால் பாட்டிலைத் திறக்கும் முன் பேடைப் பாருங்கள். பிரேக் ஆயில் வண்டி ஓட ஓடத் தீர்கிற பொருள் அல்ல. மட்டம் இறங்கினால், ஒன்று பேடு தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசியும். பேடு தேயத் தேய, அதை டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும். அந்த இடத்தை நிரப்ப மேலே இருக்கும் ஆயில் கீழே இறங்கும். உங்கள் வண்டியில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். இப்போது ஊற்றிவிட்டு அடுத்த மாதம் புதுப் பேடு போட்டால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஊற்றியதெல்லாம் மேலேறி மூடி வழியாக வழியும். டேங்க் மேல் பட்டால் பெயிண்டே போய்விடும்.

டார்ச் அடித்து காலிப்பருக்குள் பாருங்கள். பேடில் ஒரு பள்ளக் கோடு இருக்கும். அது மறைந்திருந்தால் பேடு மாற்ற வேண்டியதுதான். மாற்றியதும் மட்டம் தானாகவே ஏறும்.

பேடு நன்றாக இருந்து மட்டம் மட்டும் குறைந்திருந்தால் ஓஸ் இணைப்பு, காலிப்பர், லீவரின் அடிப்பக்கம் எல்லாம் தடவிப் பாருங்கள். எங்காவது ஈரம் தட்டுப்பட்டால் வண்டியை ஓட்டாதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மட்டம் பார்க்க வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பா மூடி சமமாக வரும்படி ஹேண்டில் பாரைத் திருப்புங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டி தப்புக் கணக்குதான் காட்டும்.

மூடி ஸ்க்ரூதான் நம் பக்கத்தில் பெரிய தொல்லை. கடல் காற்றில் வெள்ளை பூத்து இறுகியிருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கிவிடும், பிறகு ஒர்க்‌ஷாப்பில் துளை போட்டுத்தான் எடுக்க முடியும். தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்டார் டிரைவரை வைத்து, டிரைவரின் பின்பக்கம் லேசாக இரண்டு தட்டு தட்டி, நன்றாக அழுத்திக்கொண்டே திருகுங்கள். அதற்கு முன் மூடியைச் சுற்றித் துடைத்து, டேங்க் மேல் ஈரத்துணி போட்டுவிடுங்கள். மூடி திறந்திருக்கும்போது லீவரை அழுத்தினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும், கண் பத்திரம்.

உள்ளே ‘அப்பர்’ கோடு இருக்கும். அதுவரை போதும். நண்பர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆயில் சூட்டில் விரிய மேலே இடம் வேண்டும். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் மட்டத்தோடு சேர்ந்து கீழே இழுபட்டிருக்கும். அதைப் பழையபடி மடித்துவிட்டுப் பொருத்துங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இது.

எந்த ஆயில் என்று மூடியிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் டாட் 4 (DOT 4) ரகம். சீல் உடைக்காத சின்ன பாட்டிலாக வாங்குங்கள், வீட்டில் திறந்து கிடப்பது வேண்டாம். டாட் 5 சிலிக்கான் வகை, இதோடு சேராது. என்ஜின் ஆயில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு பருவமழையும் கடல் காற்றும் உள்ள நம் மாவட்டத்தில் அதற்கு ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது; ஈரம் ஏறினால் கொதிநிலை 155 டிகிரிக்குக்கூட இறங்கலாம். கோதையாறு மலைப்பாதையில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கும்போது உள்ளே ஆவி உண்டானால், லீவர் கைப்பிடி வரை வந்தும் வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதும் மாற்றச் சொல்கிறார்கள். நிறம் கட்டன் சாயா மாதிரி ஆகியிருந்தால் மேலே ஊற்றிப் பயனில்லை.

உங்கள் வண்டிக்கு இரண்டு வருடம் தாண்டிவிட்டதால், இந்த முறை ஒர்க்‌ஷாப்பில் பேடைப் பார்த்து ஆயிலையும் முழுவதும் மாற்றி, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கச் சொல்லுங்கள். வண்டி கைக்கு வந்ததும் லீவரை அழுத்திப் பாருங்கள். பஞ்சு மாதிரி அமுங்கினால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து மட்டத்தை மறுபடி பாருங்கள்; இறங்கியிருந்தால் கசிவுதான்.