தட்டச்சு ஓசையும் தமிழ் எழுத்தும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

கணினியில் சிறுகதை எழுத அமர்ந்தால் அரைப்பக்கம் தாண்டுவதில்லை. நடுவில் வாட்ஸ்அப் வந்து இழுக்கிறது. அது இல்லாதபோது முதல் வரியையே திருத்திக்கொண்டிருக்கிறேன். பழைய தட்டச்சு இயந்திரத்தின் ஓசையோடு வெறும் தாள் போன்ற திரையைத் தரும் இணையச் செயலிகளைத் தோழி ஒருத்தி காட்டினாள். ஆங்கிலத்தில் அழகாக இருக்கின்றன. தமிழில் எழுத உதவுமா?

சி., கொக்குவில்

அன்புள்ள தங்கைக்கு,

உதவும். ஆனால் உதவப்போவது அந்த ஓசை அல்ல. வாட்ஸ்அப்பை மூடிவிடலாம், முதல் வரியை விட்டு நகர முடியாததுதான் உங்கள் கதையைக் கொல்கிறது. தட்டச்சு இயந்திரத்தில் அடித்தது அடித்ததுதான். பிழையென்றால் அதன்மேல் எக்ஸ் அடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகவேண்டும். திருத்தமெல்லாம் தாளை உருவி எடுத்த பிறகு, பேனாவால். ஓவர்டைப் என்ற இணையச் செயலி இதையே பின்பற்றுகிறது: பின்னால் போனாலும் எழுத்து அழியாது, புதிய எழுத்து பழையதன் மேலேயே விழும்.

இத்தகைய செயலிகள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்துப் பிறந்தவை. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுமுறையான யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு. இரண்டையும் சேர்த்து வடிவமைக்காமல் ஒவ்வொன்றாகத் திரையில் பொறித்தால், கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியே நிற்கும்.

இதே சிக்கலை இரும்பில் தீர்த்தவர் நம்மூர்க்காரர். 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா, சிங்கப்பூரில் இருந்தபடி 247 எழுத்துகளை ஒரு தட்டச்சு விசைப்பலகைக்குள் கொண்டுவந்தார். அவர் கையாண்ட வழி நகரா விசை. புள்ளியை முதலில் அடிக்கவேண்டும், உருளை அசையாது. அடுத்து அடிக்கும் 'க' அந்தப் புள்ளிக்குக் கீழே சரியாக வந்து அமரும், அப்போதுதான் உருளை நகரும். கொம்பையோ கண் காணும் வரிசையிலேயே எழுத்துக்கு முன் அடித்தார்கள். பாமினி என்ற பழைய கணினி எழுத்துருவில் பழகிய விரல்களுக்கு அந்த வரிசை இன்றும் தெரியும். நினைக்க நினைக்கப் பெருமையாக இருக்கிறது, கூடவே ஆதங்கமும். தமிழின் இயல்பறிந்த எழுதுசெயலி ஒன்றை யாழ்ப்பாணத்தில் கணினி படிக்கும் பிள்ளைகள் செய்து தரவேண்டும். அவர்களால் முடியும்.

அதுவரை ஃபோகஸ்ரைட்டர் என்ற எழுதுசெயலியைக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம், எழுதும்போது இணையமே தேவையில்லை. திரை முழுவதும் தாள் மட்டுமே தெரியும், ஓசை வேண்டுமானால் அமைப்பில் போட்டுக்கொள்ளலாம். எழுத்துருவை மட்டும் நீங்களே தேர்ந்தெடுங்கள். கூரியர் போன்ற தட்டச்சு எழுத்துருக்களில் தமிழ் இல்லை. கணினி தன் போக்கில் வேறொன்றைச் செருகிவிடும். ஒரு பக்கம் நிரம்பும்வரை அழிப்பு விசையைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செயலியானாலும் இந்த ஒழுங்கு இல்லாமல் பயனில்லை.

இணையச் செயலிதான் பிடித்திருக்கிறது என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றுள் பல, எழுதியதை உங்கள் உலாவியின் நினைவகத்தில் மட்டுமே வைக்கின்றன. உலாவியின் தரவைத் துடைத்தால் கதையும் சேர்ந்து போய்விடும். எழுந்திருக்கும் முன் முழுவதையும் பிரதியெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். கதை முடிந்ததும் எனக்கும் அனுப்புங்கள், ஆவலோடு வாசிப்பேன்.