ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தில் ஒபீலியாவின் சரிவு எங்கே தொடங்குகிறது?

இளவரசன் ஹாம்லெட்டின் காதலி ஒபீலியா ஏன் பைத்தியமாகிறாள் என்ற உங்கள் கட்டுரையில், காதல் தோல்வியை முதல் காரணமாக வைக்காதீர்கள். அப்பாவுக்குக் கீழ்ப்படிந்ததை வையுங்கள். "அவள் பலவீனமானவள், அதனால் பைத்தியமானாள்" என்ற உங்கள் வரிக்கு நாடகத்தில் ஆதாரம் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

நாடகத்தின் 4-ம் அங்கத்துப் பைத்தியக் காட்சியிலிருந்து நீங்கள் தொடங்கியிருக்கலாம். அங்கே அவள் ஏற்கெனவே உடைந்துவிட்டாள்.

1-ம் அங்கம், 3-ம் காட்சிக்குப் போங்கள். அண்ணன் லேயர்ட்டீஸ் எச்சரிக்கிறான். அப்புறம் அப்பா பொலோனியஸ், ஹாம்லெட்டோடு பேசவே கூடாது என்கிறார். கீழ்ப்படிகிறேன் என்று அவள் சொல்வதோடு காட்சி முடிகிறது.

3-ம் அங்கம் இன்னும் கொடுமை. அப்பாவும் அரசனும் ஒளிந்துகொண்டு, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அவளைத் தூண்டில் புழுவாக விடுகிறார்கள். "உன் அப்பா எங்கே?" என்கிறான் ஹாம்லெட். "வீட்டில்" என்கிறாள். உண்மை சொன்னால் அப்பாவுக்குத் துரோகம், மறைத்தால் காதலனுக்கு. இந்த ஒரு பொய்யை வைத்தே ஒரு முழுப் பத்தி எழுதலாம். அவன் வசைபாடிவிட்டுப் போனதும், நொறுங்கி நிற்கும் மகளிடம் பொலோனியஸ் சொல்வது: நீ எதுவும் சொல்ல வேண்டாம், எல்லாம் கேட்டுவிட்டோம். எனக்கு நாடகத்திலேயே தாங்க முடியாத இடம் அதுதான்.

சரிபார்க்க ஒரு வழி: அவள் பேசும் இடங்களைக் குறித்து, யார் சொல்லி அங்கே நிற்கிறாள் என்று எழுதிப் பாருங்கள். அப்பா இறந்த பிறகுதான் மனம்போனபடி பாடுகிறாள்.

ஆனால் வெறும் தலையாட்டி பொம்மை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு உபதேசித்துவிட்டு நீ தடம் மாறாதே என்று அண்ணனுக்கே பதில் கொடுப்பவள் அவள். சாவையும் தற்கொலை என்று உறுதியாக எழுத வேண்டாம். கிளை ஒடிந்து விழுந்தாள் என்கிறாள் அரசி, பாதிரியார் சந்தேகிக்கிறார்.