இடிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பழைய கட்டடங்கள் மின்சாரத்தை விழுங்குகின்றன. அவற்றை இடித்துவிட்டுப் பசுமைக் கட்டடங்களை எழுப்புவதுதானே சுற்றுச்சூழலுக்கு நல்லது? மரபைக் காக்கும் ஆர்வம் இதற்குத் தடையாக இல்லையா?

பதில்: தாங்கள் போட்டிருப்பது பாதிக் கணக்குதான். மாதந்தோறும் வரும் மின்கட்டணத்தை மட்டும் பார்த்தால் புதிய கட்டடம் சிக்கனமாகவே தோன்றும். ஆனால், அதற்காகச் சுண்ணாம்புக்கல்லை வெட்டி, சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுச் சிமென்ட்டாக்கி, இரும்பை உருக்கி, எல்லாவற்றையும் லாரிகளில் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் வெளியாகும் கரியமில வாயு, அந்தக் கட்டடத்தில் முதல் விளக்கு எரிவதற்கு முன்பே காற்றில் கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழையதைவிட 30 விழுக்காடு சிக்கனமான புதிய கட்டடம்கூட, தன் கட்டுமானத்தால் பருவநிலைக்கு நேர்ந்த கேட்டை ஈடுசெய்ய 10 முதல் 80 ஆண்டுகள் ஆகும். வெளியேற்றத்தை உடனே குறைக்க வேண்டிய காலத்தில் அவ்வளவு நீண்ட தவணை நமக்குக் கிடையாது.

பழைய கட்டடம் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1931இல் திறக்கப்பட்ட நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் புதுப்பித்தபோது, அதன் 6,514 சன்னல்களையும் தூக்கி எறியவில்லை. கட்டடத்துக்குள்ளேயே பட்டறை அமைத்து, பெரும்பாலும் இருந்த கண்ணாடிகளையே பயன்படுத்தி, அவற்றுக்கிடையே மெல்லிய படலத்தைப் பொருத்தி வாயு நிரப்பி மீண்டும் மாட்டினார்கள். மரபைக் காப்பதும் சூழலைக் காப்பதும் அங்கே ஒரே வேலையாகத்தான் நடந்தன.

கேள்வி: பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரம் கோத்து உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: தயவுசெய்து பூசாதீர்கள். மரபுக் கட்டடங்களுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் கேடுகளில் இதுவே பெரிது என்பது என் உறுதியான எண்ணம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கிக்கொண்டு, தன் நுண்துளைகள் வழியே வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடுவதால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. அதிலுள்ள உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதன் முகத்தைப் பிளக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பூச்சைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாக ஒலிக்கும். பெயர்த்தெடுத்தால் செங்கல் சிவந்த தூளாகக் கையோடு வரும். முதலில் ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்பதைக் கண்டு அதை நிறுத்துங்கள்; பிறகு, சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கொண்டு சுண்ணாம்பிலேயே பூசுங்கள். இறுகும்போது அது காற்றிலிருந்து கரியமில வாயுவை ஓரளவு திரும்ப எடுத்துக்கொள்கிறது என்பது கூடுதல் நன்மை.

கேள்வி: அப்படியானால் எந்தப் பழைய கட்டடத்தையும் இடிக்கவே கூடாதா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். காப்பாற்ற இயலாத அளவுக்குச் சிதைந்தவையும் உண்டு. அவற்றை இயந்திரம் கொண்டு நொறுக்காமல், உத்தரம், கதவு, செங்கல் எனப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மென்மையானது என்பதால் கற்கள் முழுதாகவே கழன்று வரும். சிமென்ட் கலவையில் கட்டியவை அவ்வாறு எளிதில் வருவதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரம், 1916 அல்லது அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளை அகற்றும்போது இவ்வாறு பிரித்தெடுப்பதை 2016இல் கட்டாயமாக்கியது. பின்னர் அந்த எல்லையை 1940 வரை நீட்டித்தது.