மாநகராட்சி தொடக்கப் பள்ளி எப்படிப் படிக்க வைக்கிறது என்று சேர்ப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள். பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளியின் ரிசல்ட் எப்படி, எந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில், ரிசல்ட் என்று ஒன்று கிடையாது. ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு என்று 2019-ல் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் ரத்து செய்தார்கள், அதோடு சரி. டிவியில் விவாதம் பண்ணுகிற ஏசர் அறிக்கை (பிள்ளைகளுக்கு வாசிக்க வருகிறதா, கணக்கு வருகிறதா என்று ஒரு தொண்டு நிறுவனம் எடுக்கிறது) கிராமப்புறத்துக் கணக்கு, சென்னை அதில் வராது. மத்திய அரசின் அடைவுத் தேர்வு சில பள்ளிகளை மட்டும் எடுத்து மாவட்டத்துக்கு ஒரு மார்க் போடும். உங்கள் தெருப் பள்ளி அதில் எங்கே இருக்கிறது என்று தேடினால் கிடைக்காது.

நாங்கள் வியாசர்பாடி பக்கம். பையனை முதலில் மெட்ரிக் பள்ளியில்தான் போட்டோம். கொரோனாவில் வீட்டுக்காரருக்கு வேலை போனதும், 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது மாநகராட்சிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தேன் (பாக்கி ஃபீஸைக் கட்டினால்தான் டி.சி. என்று பழைய பள்ளி இழுத்தடித்தது தனிக் கதை). அடுத்த ஜூனில், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் வரவைக்க, அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. வயதைப் பார்க்காமல், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள், ஏறக்குறைய ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு நிலை. மூன்றாம் வகுப்புக்குப் போன என் பையனை மொட்டில் போட்டார்கள். காசு கட்டி இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளையை எப்படி என்று சண்டைக்கே போனேன். டீச்சர் ஒன்றும் பேசவில்லை, ஒரு கதைப் புத்தகத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், போர்டைப் பார்த்து ஒரு எழுத்து பிசகாமல் எழுதுவான், ரைம்ஸ் ஒப்பிப்பான், ஆனால் புதிதாக ஒரு வரியைக் கொடுத்தால் வாசிக்க வராது. இரண்டு வருஷம் ஃபீஸ் கட்டியும் இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அம்மா மீன் விற்கிற பெண் மலரில் இருந்தாள்.

அந்த வருஷம் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது நானும் உறுப்பினர் ஆனேன். இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர்தான், தலைவியும் ஒரு அம்மாதான். அங்கே உட்கார்ந்து வருகைப் பதிவைக் கேட்ட பிறகுதான் எந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள் என்பதற்கு அர்த்தமே புரிந்தது. யூடைஸ் படிவத்தில் (நாடு முழுக்கப் பள்ளி விவரங்களைச் சேர்க்கிற மத்திய அரசுத் தளம்) பள்ளி எல்லாவற்றையும் நிரப்புகிறது: சாதிப் பிரிவு, மதம், ஆண், பெண், மாற்றுத்திறன். ஆனால் பீகாரிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் பிள்ளை எத்தனை, யார் ஆடி மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போனால் இரண்டு வாரம் வரமாட்டார்கள், இதெல்லாம் டீச்சர் வாயிலிருந்துதான் வரும். என் பையன் வகுப்பில் பெண் பிள்ளைகள் அதிகம். ஏன் என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன், தம்பியை மெட்ரிக்கில் போட்டிருக்கிறோம், இரண்டு பேருக்கும் கட்ட முடியுமா என்றார். அந்த அம்மாவின் மகள்தான் வகுப்பில் முதல்.

இதைவிடப் பெரிய அடி, வீட்டைக் காலி பண்ண வைப்பது. கால்வாய் ஓரத்துக் குடிசைகளை எடுத்து, கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊரின் அந்தக் கோடிக்கு அனுப்புகிறார்கள். அது படிப்பு வருஷத்தின் நடுவில் நடந்தால் பிள்ளை பாதியில் பள்ளி மாறுகிறது, இல்லையென்றால் நின்றே விடுகிறது. போன பிள்ளை எந்தப் பள்ளியின் கணக்கில் பலவீனமான மாணவன் என்று எழுதப்படுகிறது? நிச்சயமாக வீட்டைக் காலி பண்ண வைத்தவர்கள் கணக்கில் இல்லை.

இன்னொரு கணக்கும் ஏமாற்றும். ஒரு பள்ளியில் 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் என்று வையுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி இது சரி, 60 பிள்ளைகள் வரை இரண்டு பேர் போதும். பேப்பரில் பார்த்தால் 29 பிள்ளைக்கு ஒரு டீச்சர், அருமை. ஆனால் அந்த இரண்டு பேரும் ஐந்து வகுப்பைப் பார்க்க வேண்டும், ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மொத்தப் பள்ளியும் ஒரே ஆள் கையில். அதனால் சராசரியைக் கேட்காதீர்கள், என் பிள்ளையின் அறையில் எத்தனை வகுப்பு உட்காரும் என்று கேளுங்கள். மொத்த எண்ணிக்கை யூடைஸ் தளத்திலேயே பள்ளிவாரியாக இருக்கிறது, போவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு நாள் காலை உணவு நேரத்துக்குப் போங்கள். புதன்கிழமை என்றால் பொங்கல். எத்தனை பேர் நேரத்துக்கு வருகிறார்கள், தலைமை ஆசிரியர் அங்கே நிற்கிறாரா, பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா என்று சும்மா நின்று பாருங்கள். 2023-ல் இந்தச் சாப்பாடு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு, எங்கள் பள்ளியில் ஒன்பதரைக்குத் தூங்கி வழிகிற முகங்கள் குறைந்தன. நாங்கள் கூட்டத்தில் பேசிய எந்த விஷயமும் இவ்வளவு வேகமாக வேலை செய்யவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை யாராவது சிக்கினால் புதிதாக ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள், எனக்கு டீச்சர் செய்தது மாதிரி. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

என் பையன் நான்காம் வகுப்புப் பாதியில் மலருக்கு வந்தான், இப்போது ஆறாவது. நீங்கள் ஜூன் வரை காத்திருக்க வேண்டாம், சேர்க்கையை மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இருந்தால் எடுத்துப் போங்கள், இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.