வீதித் திருத்த வேலையில் அபாயகரமான கழிவு எது?

கேள்வி: வெள்ளவத்தைப் பகுதியில் ஒழுங்கைகளைத் திருத்தும் ஒப்பந்தகாரர் ஒருவரிடம் மேற்பார்வையாளராக இருக்கிறேன். உடைத்தெடுக்கும் பழைய தார்க் கட்டிகள், வெற்றுப் பீப்பாய்கள், எண்ணெய்த் துணிகள் யாவும் ஒரே டிப்பரில் ஏற்றப்படுகின்றன. இவற்றுள் அபாயகரமானவற்றை எவ்வாறு இனங்காண்பது?

பதில்: அவ்வாறு ஒன்றாக ஏற்றுவதை இன்றே நிறுத்துங்கள். கலந்த பின் பிரிப்பது ஏறக்குறைய இயலாத காரியம். முழுச் சுமையையும் அபாயகரமானதாகக் கருத வேண்டிவரும்.

அளவில் மிகுந்த தார்க் கட்டிகள் பெரும்பாலும் ஆபத்துக் குறைந்தவையே. பெற்றோலியத்திலிருந்து கிடைக்கும் தாரால் போடப்பட்ட வீதியின் கட்டிகளை நொறுக்கி மீண்டும் வீதிக்கே பயன்படுத்தலாம். நிலக்கரித் தார் அப்படியல்ல. புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் அதில் செறிந்திருக்கின்றன. மிகப் பழைய வீதிகளின் அடியிலுள்ள படைகளில் அது மறைந்திருக்கக்கூடும். உடைத்த இடத்தில் பூச்சி உருண்டையின் நெடி வீசினால் ஐயுற வேண்டும், ஆனால் முகர்ந்து பார்த்துச் சோதிக்கலாகாது. இதற்கென விற்கப்படும் வெள்ளைப் பூச்சை வெட்டுமுகத்தில் தெளித்தால், நிலக்கரித் தார் உள்ள படை மஞ்சளாகவோ கபிலமாகவோ நிறம் மாறிக் காட்டும். அதன்பின் ஒவ்வொரு படையையும் தனித்தனியே ஆய்வுகூடத்துக்கு அனுப்புங்கள். பிரித்தானியாவில், ஒரு கிலோகிராம் தார்க் கட்டியில் 50 மில்லிகிராமோ அதற்கு மேலோ பென்சோபைரீன் இருந்தால் அது அபாயகரமான கழிவாகும்.

அளவில் சிறியவற்றையே நான் அதிகம் அஞ்சுகிறேன். தின்னரும் மண்ணெண்ணெயும் ஊறிய துணிகள், உருளை இயந்திரத்தின் கழிவெண்ணெய், அதன் வடிகட்டிகள், சமிக்ஞை விளக்குகளின் ஈய மின்கலங்கள், பாதரசம் அடங்கிய தெருவிளக்குகள் ஆகிய அனைத்தும் அபாயகரமானவையே. பழைய மஞ்சள் கோடுகளில் ஈயக் குரோமேற்று இருக்கக்கூடுமாதலால், அவற்றைச் சுரண்டும்போது எழும் தூளையும் தனியே சேர்க்க வேண்டும். பீப்பாய் வெறுமையாகத் தோன்றினாலும், அடியில் எஞ்சியிருப்பது எதுவென்பதைக் கொண்டே அதை வகைப்படுத்த வேண்டும். தோண்டும்போது அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் குழாய் தென்பட்டால் உடைக்காமல், நீர் தெளித்து, தடித்த பொலித்தீனில் இரட்டையாகச் சுற்றுங்கள்.

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 2008 பெப்ரவரியில் வெளியான 1534/18 இலக்க வர்த்தமானி, அட்டவணைப்படுத்திய, அதாவது அபாயகரமானவையெனப் பட்டியலிட்ட, கழிவுகளைக் கையாள்வதற்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் உரிமம் வேண்டுமென்கிறது. ஆகவே, கழிவெண்ணெயைப் பணம் கொடுத்து வாங்க வருபவரிடமும் முதலில் உரிமத்தைக் கேட்டு, அதன் பிரதியொன்றை வேலைத்தளக் கோப்பில் வைத்த பின்னரே பீப்பாயை ஒப்படையுங்கள்.