ஸ்கேனில் தெரிவது கதிர்மூலம் அல்ல, அது போகும் வழி

கேள்வி: என் அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். வெளிக்கதிர்வீச்சு முடிந்து இப்போது உள்கதிர்வீச்சு கொடுக்கிறார்கள். ஒவ்வொரு சிட்டிங்கிலும் கருவியைப் பொருத்தியதும் மறுபடி சி.டி. ஸ்கேன். முதல் தடவை எடுத்தது போதாதா? கதிரியக்கப் பொருள் சரியான இடத்தில்தான் நிற்கிறது என்று எப்படி உறுதிசெய்கிறார்கள்?

பதில்: போதாது. ஸ்கேன் எடுக்கும்போது அம்மாவின் உடலுக்குள் கதிரியக்கப் பொருள் எதுவுமே இருக்காது. உள்ளே இருப்பவை அப்ளிகேட்டர் எனப்படும் வெற்றுக் குழாய்கள். கதிர்மூலம், அதாவது அந்தக் கதிரியக்கப் பொருள், பெரும்பாலும் இரிடியம்-192, சிகிச்சை இயந்திரத்தின் கவசப் பெட்டிக்குள் இருக்கிறது. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அந்தத் துணுக்கு ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் பொருத்தப்பட்டிருக்கும். இயந்திரம் கம்பியைக் குழாய்க்குள் தள்ளி, திட்டமிட்ட ஒவ்வொரு புள்ளியிலும் குறித்த நேரம் நிறுத்திவிட்டு, திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே ஸ்கேனில் நாங்கள் பார்ப்பது அது போகப்போகிற வழியைத்தான்.

குழாய் படத்தில் தெரிந்தால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. கதிர்மூலம் குழாயின் நுனியில் போய் ஒட்டாது, சில மி.மீ. முன்னதாகவே நின்றுவிடும். வளையம் போன்ற அப்ளிகேட்டரில் கம்பி வளைவின் வெளிச்சுவரை ஒட்டி ஓடுவதால் கணக்கு இன்னும் கொஞ்சம் மாறும். அதனால் சி.டி.யில் பல இடங்களில் ‘டம்மி’ என்ற கதிரியக்கமில்லாத கம்பியைச் செருகிப் படம் எடுப்பார்கள். அதிலுள்ள உலோக மணிகள் பளிச்சென்று தெரியும். கதிர்மூலம் எங்கெங்கே நிற்கும் என்பதை அவற்றை வைத்துக் குறிக்கலாம். எம்.ஆர்.ஐ.யில் கட்டி தெளிவாகத் தெரியும், குழாயோ கறுத்த நிழலாகத்தான் விழும். அங்கே திரவம் நிரப்பிய நுண்குழாய்களோ, கணினியில் உள்ள அப்ளிகேட்டரின் மாதிரி வடிவமோ கைகொடுக்கும். என்னைக் கேட்டால், ஸ்கேனர் எவ்வளவு புதியது என்பதைவிட, அந்த நுனி இடைவெளியைத் தங்கள் அப்ளிகேட்டர்களில் அளந்து வைத்திருக்கிறார்களா என்பதே முக்கியம்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் தூரம். கதிர்மூலத்திலிருந்து தூரம் இரட்டித்தால் டோஸ் ஏறத்தாழ கால்பங்காகக் குறையும். 10 மி.மீ. தள்ளியிருக்கும் திசுவை ஒற்றைக் கதிர்மூலம் 1 மி.மீ. நெருங்கினாலே அங்கே டோஸ் 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இரண்டும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. கட்டியும் சிகிச்சையில் சுருங்கிக்கொண்டே வரும். கருவியை எடுத்துவிட்டு மறுமுறை பொருத்தும்போது அதே கோணத்தில் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது. போன வாரப் படத்தை வைத்து இந்த வாரம் கதிர் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் கருவி தெரியும், இந்த உறுப்புகள் சரியாகத் தெரியா.

அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் கதிர் கூடுதலாகச் சேருமே என்ற பயம் வேண்டாம். உடலில் சேரும் கதிரின் அலகு கிரே, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிகிரே. ஒரு சி.டி.யில் சேர்வது மில்லிகிரே கணக்கு. உள்கதிர்வீச்சின் ஒரு சிட்டிங்கில் கட்டிக்குக் கொடுப்பது பல கிரே.

படம் சரியாக இருந்தும் கம்பி தவறான நீளத்துக்குப் போனால்? இயந்திரத்தையும் குழாயையும் இணைக்கும் டியூப் மாறிப்போனால் பிழை சென்டிமீட்டர் கணக்கில் வரலாம். அதனால்தான் இயற்பியலாளர் கம்பி நிற்கும் இடத்தை அளவுகோலோ ஃபிலிமோ வைத்துச் சோதிக்கிறார், 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். சிகிச்சையின்போதும் இயந்திரம் முதலில் கதிர்மூலம் இல்லாத ஒரு கம்பியை அனுப்பித் தடை இருக்கிறதா என்று பார்த்த பிறகே கதிர்மூலத்தை அனுப்பும். முடிந்ததும், உடலுக்குள் கதிர்மூலம் தங்கிவிடவில்லை என்று உறுதிசெய்ய, கதிர்வீச்சை அளக்கும் கையடக்க மீட்டரால் நோயாளியைச் சோதிப்பார்கள். 1992இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கதிர்மூலம் ஒடிந்து ஒரு நோயாளியின் உடலிலேயே தங்கிவிட்டது. அறையின் அலாரம் ஒலித்தும் அதைக் கோளாறு என்று விட்டுவிட்டார்கள். மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. சில நாளில் அவர் இறந்துபோனார்.

இதில் அம்மாவின் பங்கும் உண்டு. ஸ்கேனுக்கும் சிகிச்சைக்கும் நடுவே திட்டம் போட ஓரிரு மணி நேரம்கூட ஆகலாம். அந்த நேரத்தில் எழுந்து உட்காரவோ இடுப்பைத் தூக்கவோ கூடாது. பலமான இருமல் வந்தாலோ, ஒரு படுக்கையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது உள்ளே ஏதோ நகர்ந்ததுபோல் இருந்தாலோ, கதிர் தொடங்குவதற்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். திரும்ப ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடலாம்.