விண்வெளிப் பயணமும் நன்கொடையும்: ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

2021-இல் நான்கு அமெரிக்கர்கள் மூன்று நாள் பூமியைச் சுற்றிவந்த இன்ஸ்பிரேஷன்4 பயணத்தைப் பற்றிய ஆவணத் தொடரை என் மகனோடு சேர்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து அவன் வேறு பேச்சே பேசுவதில்லை. எனக்குத்தான் நெருடுகிறது. குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனைக்குப் பணம் திரட்டத்தான் இந்தப் பயணம் என்றார்கள். ராக்கெட்டுக்குக் கொட்டிய பணத்தை நேராக மருத்துவமனைக்கே கொடுத்திருக்கலாமே? ஒரு கோடீஸ்வரரின் ஆசைக்குத் தர்மத்தைப் போர்வையாகப் போர்த்திவிட்டார்களோ? அப்புறம், மகன் கேட்கச் சொன்ன கேள்வி: குலுக்கலில் பெயர் கொடுத்தால் நம்மைப் போன்றவர்களும் போக முடியுமா?

ம., கோவில்பட்டி

அன்புள்ள ம.,

உங்கள் சந்தேகம் பலருக்கும் வந்ததுதான். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பயணத்துக்குப் பணம் கட்டியவர் ஜாரெட் ஐசக்மன், ஷிஃப்ட்4 என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தைத் தொடங்கியவர். ராக்கெட்டை அனுப்பிய எலான் மஸ்கின் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை. திரட்ட நினைத்த 20 கோடி டாலரைவிடக் குறைவு என்று மட்டும் சொன்னார். இது தவிர, மெம்ஃபிஸ் நகரில் இருக்கும் செயின்ட் ஜூட் மருத்துவமனைக்குத் தன் பங்காக 10 கோடி டாலர் தந்தார். ஆக, நேராகவும் கொடுத்திருக்கிறார். மீதி 10 கோடியை மக்களிடமிருந்து திரட்டுவதுதான் திட்டம்.

அதற்காக, நன்கொடை தந்து பெயர் கொடுப்பவர்களுக்கென்று ஓர் இருக்கையைக் குலுக்கலுக்கு விட்டார்கள். 2021 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஆட்டத்தின் நடுவே விளம்பரம் வந்தது. அமெரிக்காவில் அதைவிடப் பெரிய விளம்பர மேடை கிடையாது. அப்படியும் சுமார் 72,000 பேர்தான் பெயர் கொடுத்தார்கள். வந்த தொகை ஏறக்குறைய 1.3 கோடி டாலர். அதாவது, விண்வெளிக்கே டிக்கெட் என்று ஆசை காட்டியும் அந்த 10 கோடி இலக்கில் எட்டில் ஒரு பங்குதான் தேறியது.

ஆனால் செப்டம்பர் 18 அன்று விண்கலம் ஃப்ளோரிடா அருகே கடலில் இறங்கியபோது, ஐசக்மன் பணம் போக, கிட்டத்தட்ட 6 கோடி சேர்ந்திருந்தது. அன்றே எலான் மஸ்க் 5 கோடி தருவதாக அறிவித்தார். பின்னால், ஐசக்மன் பணத்தையும் சேர்த்து, மொத்தம் 24 கோடியைத் தாண்டியது. குலுக்கல் முடிந்த பிறகு ஏன் இவ்வளவு வந்தது? ஏலம், நிறுவனங்களின் பங்கு எல்லாம் இருந்தன, சரி. என்றாலும் நான் முதன்மையாகச் சொல்வது ஒரு பெண்ணின் பெயரைத்தான்.

ஹேலி ஆர்சினோ. லூயிசியானாவின் ஒரு சிறிய ஊர்க்காரர். பத்து வயதில் காலில் எலும்புப் புற்றுநோய் வந்து செயின்ட் ஜூட்டில் சேர்ந்தார். கீமோதெரபி கொடுத்தார்கள், அறுவை சிகிச்சை செய்தார்கள், தொடை எலும்பின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு உள்ளே உலோகம் வைத்தார்கள். வளர்ந்து, படித்து, 2020-இல் அதே மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளைக் கவனிப்பது அவர் வேலை. அடுத்த ஜனவரியில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது: விண்வெளிக்குப் போகிறாயா?

காலில் அந்த உலோகத்தோடு நாசாவின் உடல்தகுதித் தேர்வை அவர் தாண்டியிருக்க முடியாது. இங்கே அந்தத் தடை இல்லை. 29 வயதில், பயணத்தின் மருத்துவ அதிகாரியாக, சர்வதேச விண்வெளி நிலையத்தையும் தாண்டி சுமார் 585 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனார். உடலுக்குள் செயற்கை உறுப்போடு விண்வெளிக்குப் போன முதல் மனிதர் அவர்தான். மேலேயிருந்தபடியே மருத்துவமனைக் குழந்தைகளோடு காணொளியில் பேசினார். நிலாவில் மாடு இருக்கா என்று கேட்டது ஒரு குழந்தை.

புற்றுநோய் மருத்துவமனைகள் நன்கொடை கேட்கும்போது நமக்கு என்ன காட்டுகிறார்கள்? முடி உதிர்ந்த தலையோடு படுக்கையில் கிடக்கும் குழந்தையை. நாமும் இரக்கப்பட்டுக் கொஞ்சம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்வதில்லை. செயின்ட் ஜூட் தொடங்கப்பட்ட 1962-இல் அமெரிக்காவில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் ஐந்தில் ஒருவர்தான் பிழைத்தார். இன்று ஐந்தில் நால்வர் பிழைக்கிறார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தைப் புள்ளிவிவரமாகச் சொன்னால் யார் மனதிலும் நிற்காது. ஹேலி ராக்கெட்டில் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு அது புரிந்திருக்கும். நோயாளியை இரக்கத்துக்குரியவராக நிறுத்தாமல், பிழைத்து வளர்ந்து வேலைக்குப் போகிற ஒருத்தியாகக் காட்டியதுதான் இந்தப் பயணத்தின் உண்மையான கொடை என்று நான் நம்புகிறேன். கேன்சர் வார்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு தாய்க்கு, தன் பிள்ளைக்கும் ஒரு எதிர்காலம் உண்டு என்று நம்ப இது போதுமான காரணம். ஐசக்மனுக்குப் பறக்கும் ஆசை இருந்ததா? கட்டாயம் இருந்தது, அவர் ஜெட் விமானம் ஓட்டுபவர். ஆசையும் அக்கறையும் ஒரே மனிதனிடம் இருக்கக்கூடாதா என்ன?

மற்ற இருவரையும் சொல்லிவிடுகிறேன். சயான் ப்ராக்டர் அப்போது அரிசோனாவில் கல்லூரி ஆசிரியர். 2009-இல் நாசா தேர்வில் கடைசிச் சுற்றுவரை போய் வாய்ப்பு கிடைக்காமல் திரும்பியவர். விண்கலத்தின் பைலட்டாகப் போன முதல் கறுப்பினப் பெண். கிறிஸ் செம்ப்ரோஸ்கிக்குக் குலுக்கலில் விழவேயில்லை. வென்ற நண்பர் தன்னால் போக முடியாமல் இடத்தை இவருக்குக் கொடுத்துவிட்டார்.

என் மனத்தாங்கல் வேறு இடத்தில். பயணம் முடிந்த இரண்டு மாதத்தில் ப்ரோபப்ளிகா என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. செயின்ட் ஜூட்டிடம் 500 கோடி டாலருக்கு மேல் கையிருப்பு இருப்பதும், மருத்துவமனையிலிருந்து பில்லே வராது என்று அதன் விளம்பரத்தில் கேட்ட நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் பயணச் செலவு, வீட்டு வாடகை என்று சேமிப்பைக் கரைப்பதும் அதில் வெளிவந்தன. அதன் பிறகு மருத்துவமனை குடும்பங்களுக்கான உதவியை விரிவாக்கியது. ராக்கெட்டுக்கு ஏன் செலவழித்தாய் என்று கேட்பவர்கள், 24 கோடி ஏன் ஏற்கெனவே பணக்கார மருத்துவமனைக்கே போயிற்று என்றும் கேட்டிருக்க வேண்டும். பெயர் தெரியாத சின்ன மருத்துவமனைகளுக்கு சூப்பர் பவுல் விளம்பரம் கிடைப்பதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான்.

உங்கள் மகனுக்கு: இன்ஸ்பிரேஷன்4 குலுக்கல் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு மட்டும். ஆனால் வர்ஜின் கேலக்டிக் என்ற விண்வெளிச் சுற்றுலா நிறுவனத்தின் இருக்கைக்கு நடந்த வேறொரு குலுக்கலில் ஆன்டிகுவா தீவைச் சேர்ந்த கெய்ஷா ஷஹாஃப் வென்றார். மகளின் விசா விஷயமாக லண்டனுக்குப் போகும் விமானத்தில் விளம்பரத்தைப் பார்த்துப் பெயர் கொடுத்தவர். 2023 ஆகஸ்டில் அந்த மகளையும் கூட்டிக்கொண்டே போய்வந்தார். அது பூமியைச் சுற்றும் பயணம் இல்லை, சில நிமிடம் மிதந்துவிட்டு இறங்குவது. அப்படி ஒன்று மறுபடி வந்தால், காசு கட்டாமலும் பெயர் கொடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நடக்கும் இத்தகைய குலுக்கல்களில் அந்த வழி இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அது சட்டவிரோத லாட்டரி ஆகிவிடும். பதினெட்டு வயது ஆகும்வரை பையன் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

அன்புடன்.